55ஆம் நகர்வு

சதுரங்கப் பலகையில் கட்டங்கள் 64. இரு பக்கத்துக் காய்களும் எண்ணிக்கையிலும் வலிமையிலும் சமமானவை. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் தரவரிசையில் முன்னிற்கும் வீரர்கள் மோதும்போது, ஒரே ஒரு நகர்வு வெற்றியைத் தீர்மானித்துவிடுவதுண்டு. 2024ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நடைபெற்ற உலக வாகையர் போட்டியின் 14ஆம் ஆட்டம் அதற்குச் சான்றாகும்.

அப்போது வாகையராக விளங்கியவர் சீன வீரர் டிங் லிரென். அவரை எதிர்த்து ஆடியவர், சென்னையில் பிறந்த 18 வயது குகேஷ். 13 ஆட்டங்களின் முடிவில் இருவரும் தலா ஆறரைப் புள்ளிகள் பெற்றிருந்தனர். டிசம்பர் 12ஆம் நாள் நடந்த இறுதி ஆட்டத்தில் டிங் வெள்ளைக் காய்களுடனும் குகேஷ் கறுப்புக் காய்களுடனும் ஆடினர். அதுவும் சமனில் முடிந்தால், விரைவு ஆட்டங்களே வாகையரைத் தீர்மானிக்கும்.

பல மணி நேரத்துக்குப் பின், அரசனையும் சிப்பாய்களையும் தவிர இருவரிடமும் ஒரு யானையும் ஒரு மந்திரியுமே எஞ்சின. குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். எனினும் வெள்ளையால் தற்காத்துக்கொள்ள இயலும். ஆட்டம் சமனாகும் என்றே பலரும் கருதினர். குகேஷ் பொறுமையுடன் தொடர்ந்து ஆடினார். டிங்கிடமோ குறைந்த நேரமே இருந்தது.

55ஆம் நகர்வில் டிங் தம் யானையைக் கறுப்பு யானைக்கு எதிரே நிறுத்தினார். யானைகள் இரண்டும் வெட்டுப்பட்டன. வெள்ளை மந்திரி பலகையின் மூலையில் நின்றது. குகேஷ் தம் மந்திரியை அதே மூலைவிட்டத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். வெள்ளை மந்திரிக்கு அக்கோட்டைவிட்டு விலக வழியில்லை. மந்திரிகளும் பலகையைவிட்டு அகன்றன.

யானையும் மந்திரியும் இருந்தவரை, முன்னேறும் சிப்பாயைத் தொலைவிலிருந்தே தடுக்க முடிந்தது. அவை அகன்றபின் தடுக்க அரசன் மட்டுமே எஞ்சினான். தன் அரசனின் துணையுடன் முன்னேறும் சிப்பாய், கடைசி வரிசையை அடைந்தால் அரசியாக மாறிவிடும். இதனை உணர்ந்த டிங், 58 நகர்வுகளுக்குப் பின் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஏழரைக்கு ஆறரை என்னும் கணக்கில் வென்ற குகேஷ், 18ஆம் உலக வாகையரானார். 1985இல் தம் 22ஆம் வயதில் வாகை சூடிய காஸ்பரோவைவிட அவர் இளையவர்.

காயை வெட்டுமுன் எதை இழப்போம், எதைப் பெறுவோம் என எண்ணுதல் மட்டும் போதாது. வெட்டியபின் பலகையில் எஞ்சுவது எது என்பதையும் எண்ணுதல் வேண்டும்.

சிந்தித்து விடையளிக்க:
1. ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தும் ஆட்டம் சமனாகும் எனப் பலர் கருதியது ஏன்?
2. மந்திரி மூலையில் நின்றதால் டிங்குக்கு நேர்ந்த இடர் யாது?