அரசு வழக்குரைஞர் யாருடைய வழக்குரைஞர்?

புது தில்லி: தாராவி, மாட்டுங்கா தமிழர்கள் அன்றாடம் ஏறி இறங்கும் மத்திய ரயில்வே தடத்தில் உள்ள புறநகர் நிலையம் முலுண்ட். 2003 மார்ச் 13 இரவு, கர்ஜத் நோக்கிச் சென்ற மின்சார ரயில் அந்த நிலையத்துக்குள் நுழைந்தபோது பெண்கள் பெட்டியில் குண்டு வெடித்தது. பத்துக்குக் குறையாத உயிர்கள் பலியாயின. அதற்கு முன்னர் 2002 டிசம்பரில் மும்பை சென்ட்ரலிலும், 2003 ஜனவரியில் விலே பார்லேயிலும் குண்டுகள் வெடித்திருந்தன. மூன்றும் சேர்த்து பொடா சட்டத்தின் கீழ் விசாரிக்கப்பட்டன. வைகோவையும் பழ. நெடுமாறனையும் சிறையில் அடைத்த அதே பொடா 2004-இல் திரும்பப் பெறப்பட்ட பிறகும் இந்த வழக்கு நகர்ந்துகொண்டிருந்தது. 2016 மார்ச் மாதம் 10 பேர் குற்றவாளிகள் எனவும், 3 பேர் விடுதலை எனவும் சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அரசுத் தரப்பில் வாதாடியவர் ரோகிணி சாலியன். 1980-களிலேயே அரசு வழக்குரைஞர் பணிக்கு வந்தவர். ஜே.ஜே. மருத்துவமனைத் துப்பாக்கிச் சூடு, திரைப்பட நிதியாளர் பரத் ஷா வழக்கு என மும்பை நிழலுலகத்தின் பெரிய வழக்குகள் அவர் கைவழியே சென்றவை.

முலுண்ட் வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவர்கள் முஸ்லிம்கள். 2008 செப்டம்பர் 29-இல் மாலேகானில் 6 பேரைப் பலிகொண்ட குண்டுவெடிப்பில் மகாராஷ்டிர பயங்கரவாதத் தடுப்புப் பிரிவு கைது செய்தது சாத்வி பிரக்யா சிங் தாக்குர், ராணுவ அதிகாரி பிரசாத் புரோஹித் உள்ளிட்ட இந்துக்களை. அந்த வழக்குக்கும் சாலியனே சிறப்பு அரசு வழக்குரைஞர். புலனாய்வுக்குத் தலைமை வகித்த ஹேமந்த் கர்கரே அதே ஆண்டு நவம்பர் 26 தாக்குதலில் கொல்லப்பட்டார்.

அந்தத் தாக்குதலின் விளைவாகவே, அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் 2008 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த மசோதா மூலம் தேசிய புலனாய்வு அமைப்பு (என்.ஐ.ஏ.) பிறந்தது. அதன் வழக்குரைஞர்களை நியமிக்கும் அதிகாரம் மத்திய அரசிடம். குறைந்தது 7 ஆண்டுக்கால வழக்கறிஞர் அனுபவம் தேவை என்கிறது சட்டம். பதவிக்காலப் பாதுகாப்பு பற்றிப் பேசவில்லை. 2011-இல் மாலேகான் வழக்கு என்.ஐ.ஏ.வுக்கு மாறியபோது சாலியனும் அதனுடன் சென்றார்.

2015 ஜூனில் வெடித்தது சர்ச்சை. மத்தியில் ஆட்சி மாறிய பிறகு என்.ஐ.ஏ. அதிகாரி ஒருவர் தம்மை நேரில் சந்தித்து, வழக்கில் மென்மையாக நடந்துகொள்ளும்படி கூறியதாகவும், பின்னர் வேறொருவர் ஆஜராவார் என்று தெரிவித்ததாகவும் சாலியன் ஆங்கில நாளேட்டுக்குப் பேட்டியளித்தார். தம்மை முறைப்படி விடுவித்தால் தேவைப்பட்டால் என்.ஐ.ஏ.வுக்கு எதிராகவே வாதாடுவேன் என்றும் சொன்னார். என்.ஐ.ஏ. குற்றச்சாட்டைத் திட்டவட்டமாக மறுத்தது. அக்டோபரில் நீதிமன்றத்தில் தாக்கலான பிரமாணப் பத்திரத்தில் அந்த அதிகாரியின் பெயரையும் அவர் வெளியிட்டார். யார் சொல்வது உண்மை என்பதைக் கண்டறிய முறையான விசாரணை நடந்திருக்க வேண்டும் என்பதே நியாயம். இது ஒரு தனிமனிதரின் மனக்குறை அல்ல.

அரசு வழக்குரைஞர் காவல் துறையின் கையாள் அல்லர், நீதிமன்றத்தின் அலுவலர் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. உத்தரப் பிரதேச அரசு தன் மாவட்ட வழக்குரைஞர்களை ஒரே உத்தரவில் ஒட்டுமொத்தமாக நீக்கியதை 1990-இல் ரத்து செய்தபோதும் அதைத்தான் வலியுறுத்தியது. ஆயினும் ஆட்சி மாறினால் அரசு வழக்குரைஞர்களும் மாறுவது தமிழகம் பார்த்துப் பழகிய காட்சி. ஜெயலலிதா சொத்துக்குவிப்பு மேல்முறையீட்டில் பவானி சிங்கை நியமிக்கத் தமிழக அரசுக்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது 2015 ஏப்ரலில்தான். சாலியன் பேட்டிக்கு இரண்டே மாதங்களுக்கு முன். குற்றம்சாட்டப்பட்டவரின் கட்சி ஆளும் அரசே வழக்குரைஞரை நியமித்த விசித்திரம் அது. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். நீதிமன்றத்தின் முன் சான்றுகளை வைக்கும் வழக்குரைஞரை மாற்ற ஓர் அலுவலகக் கடிதம் போதும்.

மாலேகானில் அடுத்து நடந்தவை ஆவணங்களில் உள்ளன. 2016 மே மாதம் என்.ஐ.ஏ. தாக்கல் செய்த துணைக் குற்றப்பத்திரிகை பிரக்யா உள்ளிட்டோர் மீது போதிய ஆதாரம் இல்லை என்றது. மோக்கா சட்டப் பிரிவுகளையும் கைவிட்டது. நீதிமன்றம் அதை முழுமையாக ஏற்கவில்லை. மோக்காவை நீக்கினாலும், பிரக்யா விசாரணையைச் சந்திக்க வேண்டும் என்று 2017 டிசம்பரில் உத்தரவிட்டது. 2019-இல் அவர் போபால் தொகுதியின் மக்களவை உறுப்பினரானார். முந்நூறுக்கும் மேற்பட்ட சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். முப்பதுக்கும் மேற்பட்டோர் பிறழ்சாட்சிகளாயினர்.

2025 ஜூலை 31-இல் ஏழு பேரையும் மும்பை சிறப்பு நீதிமன்றம் விடுதலை செய்தது. சந்தேகம் எவ்வளவு வலுவாயினும் அது ஆதாரமாகாது என்பது தீர்ப்பின் சாரம். சட்டப்படி அவர்கள் நிரபராதிகள். இது எதிர்பார்த்த முடிவே என்றார் சாலியன். குண்டுவெடிப்பில் உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தன, அரசு வழக்குரைஞரின் துணையின்றி, தங்கள் சொந்த வழக்கறிஞர்களைக் கொண்டு.