ரீகால் சேதி வந்தால் பயப்படவும் வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம்

“உங்கள் வண்டி ரீகாலில் இருக்கிறது, சர்வீஸ் சென்டருக்கு வாருங்கள்” என்று கம்பெனியிலிருந்து செய்தி வந்தால் ஊரில் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். காரைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்பார்கள் சிலர். சர்வீஸுக்கு இழுத்துப் பில் போடும் தந்திரம் என்பார்கள் வேறு சிலர். இரண்டுமே தவறு.

அப்படியானால் ரீகால் (பழுது நீக்கத் திரும்ப அழைத்தல்) என்பது என்ன? ஒரு குறிப்பிட்ட காலத்தில் செய்த வண்டிகளில் ஆபத்து தரக்கூடிய ஒரே மாதிரியான குறை இருப்பதாகக் கம்பெனிக்குத் தெரியவருகிறது. அந்த வண்டிகளை வரச் சொல்லி, பார்த்து, சரிசெய்து, உங்களிடமே திருப்பித் தருகிறார்கள். செலவு அவர்களுடையது. வாரண்டி முடிந்துபோனது என்ற பேச்சு இதில் எழக் கூடாது.

ஒயரிங்குக்காகக்கூடவா அழைப்பார்கள்? அழைத்திருக்கிறார்கள். 2014 அக்டோபரில் மாருதி சுசுகி டிசையர், ஸ்விஃப்ட், ரிட்ஸ் டீசல் கார்கள் 69,555-ஐ ஒயரிங் ஹார்னஸ் (ஒயர்களைச் சேர்த்துக் கட்டிய கற்றை) பொருத்தியதில் இருந்த குறைக்காக அழைத்தது. 2023 ஆகஸ்டில் மகிந்திரா 1,08,306 எக்ஸ்யூவி 700 கார்களை அழைத்தது. எஞ்சின் அறைக்குள் ஒயர் கற்றை போகும் பாதையில் அது உரசி அறுபடலாம் என்பதே காரணம். 2021 ஜூன் 8 முதல் 2023 ஜூன் 28 வரை செய்த வண்டிகள் அவை. நல்ல கம்பெனி, புது மாடல் என்பதெல்லாம் ஒயர் உரசலைத் தடுத்துவிடாது.

நம் வேலூர் பக்கத்தில் இப்படி ஏதும் நடந்ததா என்று கேட்பீர்கள். ஸ்கூட்டரில் நடந்தது. 2022 மார்ச்சில் வேலூர் அல்லாபுரத்தில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஒகினாவா மின்சார ஸ்கூட்டர் இரவில் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி அப்பாவும் மகளும் இறந்துபோனார்கள். அடுத்த மாதம் அந்தக் கம்பெனி தன் ‘பிரைஸ் ப்ரோ’ ஸ்கூட்டர்கள் 3,215-ஐ அழைத்தது. பேட்டரியில் தளர்ந்த கனெக்டர் (ஒயர் இணையும் முனை) அல்லது வேறு சேதம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக.

சாதாரணக் காரில் இருப்பது பன்னிரண்டு வோல்ட் பேட்டரிதானே, அதில் என்ன ஆபத்து? தொட்டால் ஷாக் அடிக்காது, உண்மை. ஆனால் எஞ்சின் அதிர்வில் ஒயர் ஒரு இரும்பு விளிம்பில் உரசிக்கொண்டே இருந்தால் மேலுறை தேய்ந்து செம்பு வெளியே வரும். கிணற்றுக் கயிறு ஒரே இடத்தில் உரசி நைந்துபோவதைப் போலத்தான். செம்பு வண்டியின் உடம்பில் பட்டதும் பேட்டரியின் மின்சாரம் முழுக்க அந்த ஒரு புள்ளி வழியாகப் பாயும். அந்தச் சூடு பக்கத்திலிருக்கும் பிளாஸ்டிக்கைப் பற்றவைக்கப் போதும்.

பியூஸ் இருக்கிறதே, அது போய்விடாதா? பல நேரம் போய்விடும். ஆனால் பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் தடித்த கேபிளுக்குப் பல கார்களில் பியூஸ் கிடையாது. தளர்ந்த இணைப்பு வேறு வகை. அங்கே மின்சாரத்தின் அளவு கூடாமலே சூடு ஏறும், பியூஸுக்கு எதுவும் தெரியாது.

இனி முக்கியமானது: உங்கள் கார் பட்டியலில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மாடல் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரே மாடலில் ஒரு மாதத்து வண்டி பட்டியலில் இருக்கும், அடுத்த மாதத்து வண்டி இருக்காது. ஆர்.சி. புத்தகத்தில் சேசிஸ் நம்பர் (வண்டியின் அடையாள எண்) இருக்கும். புத்தகம் ஃபைனான்ஸ்காரரிடம் இருந்தால் இன்சூரன்ஸ் பாலிசியில் பாருங்கள். இலக்கமும் எழுத்துமாக மொத்தம் 17 இருக்கும். அதில் ஆங்கில எழுத்துகளான ஐ, ஓ, கியூ வரவே வராது. ஓ மாதிரி தெரிந்தால் அது பூஜ்யம். இந்த எண்ணைக் கம்பெனி இணையதளத்தின் ரீகால் பக்கத்தில் போட்டால் பதில் வந்துவிடும். அது சிரமமென்றால் கம்பெனியின் கட்டணமில்லாத எண்ணுக்கு போன் செய்து எண்ணை வாசித்துக் காட்டினால் போதும்.

எனக்குக் கடிதமோ போனோ வரவில்லை, அப்படியென்றால் என் வண்டியில் குறை இல்லைதானே? இந்த நினைப்புதான் நம் பக்கத்தில் அதிக ஆபத்தானது. ஒடுகத்தூர், அணைக்கட்டு, மாதனூர் என்று எங்கே பார்த்தாலும் இரண்டாம் கை, மூன்றாம் கை கார்கள் ஏராளம். சென்னையிலோ பெங்களூரிலோ முதலில் வாங்கியவரின் போன் நம்பர்தான் கம்பெனி கணக்கில் இருக்கும். சேதி அவருக்குப் போகும், அவர் அழித்துவிடுவார். ஆர்.சி.யை உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டாலும் கம்பெனியின் சர்வீஸ் கணக்கு தானாக மாறிவிடாது. அதற்குத் தனியாக ஒரு போன் செய்து உங்கள் பெயரையும் நம்பரையும் பதிவு செய்ய வேண்டும். சர்வீஸை எப்போதும் ஊர் மெக்கானிக்கிடமே விடுகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

வேலூர் வரை போக அரை நாள் ஆகும், நம்ம எலெக்ட்ரீஷியனிடமே டேப் சுற்றிக்கொள்ளலாமா? கூடாது. அவர் கைத்திறன் மீது சந்தேகம் இல்லை. கற்றையை எந்த வழியில் திருப்பிவிட வேண்டும், எங்கே கிளிப் போட வேண்டும் என்ற குறிப்பு கம்பெனி ஒர்க்‌ஷாப்பில்தான் இருக்கும். வெட்டி ஒட்டிய ஒயரைக் காட்டி “இது வெளியில் கைவைத்த வண்டி” என்று அவர்கள் கைகழுவவும் வாய்ப்பு உண்டு. கூடுதல் ஹாரன், ஃபாக் லைட் என்று ஏற்கெனவே இணைப்பு கொடுத்திருந்தால் மறைக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

போகுமுன் நேரம் குறித்துக்கொள்ளுங்கள், பாகம் கையிருப்பில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். வாடகைக்கு ஓட்டுகிறவர்களுக்கு ஒரு நாள் வருமானம் அதில் தப்பும். அங்கே போனதும் வைப்பர் மாற்றலாம், வாட்டர் வாஷ் செய்யலாம் என்று ஆரம்பிப்பார்கள். அது உங்கள் இஷ்டம், ரீகால் வேலையோடு சம்பந்தமில்லை. வெளியே வரும்போது ரீகால் வேலை முடிந்தது என்று எழுதிய ஜாப் கார்டை வாங்கி ஆர்.சி.யோடு வையுங்கள். பின்னால் வண்டியை விற்கும்போதும் உதவும்.

பணமோ ஓ.டி.பி.யோ கேட்டு யாராவது ரீகால் பெயரில் போன் செய்தால் அது மோசடி.

முறை வரும்வரை ஓட்டலாமா? கம்பெனி “ஓட்ட வேண்டாம்” என்று சொல்லியிருந்தால் ஓட்டாதீர்கள். அப்படிச் சொல்லாவிட்டாலும் வண்டியை வைக்கோல் போர், விறகுக் குவியல், கூரைக் கொட்டகை ஆகியவற்றை ஒட்டி நிறுத்தாதீர்கள். பிளாஸ்டிக் கருகும் வாடை, ஒரே பியூஸ் திரும்பத் திரும்பப் போவது, விளக்கு மங்கி மங்கி எரிவது ஆகியவை எச்சரிக்கைகள். ஓடும்போது புகை வந்தால் ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்தி, எல்லோரையும் இறக்கித் தள்ளிப் போய் நில்லுங்கள். பானெட்டைத் திறக்காதீர்கள், காற்றுப் பட்டால் தீ பெருகும். 112-க்கு அழையுங்கள். பள்ளிகொண்டா, ஆம்பூர் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலையில் என்றால் 1033-ம் உண்டு.

சட்டம் நம் பக்கம் இருக்கிறதா? ஓரளவு இருக்கிறது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, ஆபத்தான குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி கம்பெனிக்கு உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. 2021 ஏப்ரல் 1 முதல் அதற்கான விதிகள் நடைமுறையில் உள்ளன. அவை 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கானவை. அரசு உத்தரவிட்டு அழைக்க நேர்ந்தால் கம்பெனிக்கு அபராதம் 10 லட்சத்திலிருந்து 1 கோடி ரூபாய் வரை. கம்பெனி தானாகவே குறையைச் சொல்லி அழைத்தால் அபராதம் இல்லை என்றும் சட்டம் சொல்கிறது. நியாயமான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். மறைக்கிறவருக்கும் ஒப்புக்கொள்கிறவருக்கும் ஒரே தண்டனை என்றால் யார் வாய் திறப்பார்கள்?

ஒர்க்‌ஷாப்பில் இழுத்தடித்தால் என்ன செய்வது? எப்போது வரச் சொல்கிறார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பிறகு கம்பெனி தலைமைக்கு மின்னஞ்சல். அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கடைசியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

காரை விற்றுவிட்டவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய வண்டியின் ரீகால் சேதி உங்கள் போனுக்கு வந்தால் அழித்துவிடாதீர்கள். வாங்கியவருக்கோ இடையில் நின்ற புரோக்கருக்கோ உடனே அனுப்பிவிடுங்கள்.