ஒருவர் ‘வேண்டாம்’ என்றால் போதும்

‘பனி’ என்றதும் நம் நினைவுக்கு வருவது எது? மார்கழி மாதத்து விடியற்காலையும் புல் நுனியில் நிற்கும் நீர்த்துளியும்தான். மிஞ்சிப் போனால், கேமரன் மலையில் ஸ்வெட்டர் அணிந்து ஸ்ட்ராபெரி பறித்த பள்ளிச் சுற்றுலா! ஈப்போவில் பிறந்து வளர்ந்த எனக்கும் அவ்வளவுதான் தெரியும். 2018-ஆம் ஆண்டு, மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் வழி நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் ஒரு பருவம் பயிலும் வாய்ப்புக் கிட்டியது. அங்கே மாணவர்களின் பனிச்சறுக்கு மன்றத்தில் உறுப்பினரானேன். ஆகஸ்டு இறுதியில் அம்மன்றம் பன்னிரண்டு பேரை மலைக்கு அழைத்துச் சென்றது. அந்த மூன்று நாள் பயணத்தில் நான் கற்றதை இங்கே பகிர்ந்து கொள்கிறேன்.

மன்றங்கள் நடத்தும் மலைகள்

நியூசிலாந்து தென்கோளத்தில் இருப்பதால் அங்கே ஜூலை, ஆகஸ்டு மாதங்கள் குளிர்காலம். கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து 73-ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே ஏறினால் கிரேகிபர்ன் மலைத்தொடர் வரும். அங்குள்ள புரோக்கன் ரிவர், கிரேகிபர்ன், சீஸ்மன் போன்ற சறுக்குத் திடல்களை நடத்துபவை பெரிய நிறுவனங்கள் அல்ல. இலாப நோக்கற்ற மன்றங்கள். நாங்கள் சென்றது புரோக்கன் ரிவருக்கு.

இத்தகைய இடங்களில் பணம் கட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று இருக்க முடியாது. தங்குவிடுதிக்குள் நுழைந்ததும் எங்களுக்கு வேலைப் பட்டியல் வந்தது. ஒருவர் காய்கறி நறுக்க வேண்டும். ஒருவர் பாத்திரம் கழுவ வேண்டும். ஒருவர் வாசலில் குவிந்த பனியை வாரிக் கொட்ட வேண்டும். இரண்டு இரவும் எனக்குக் கிடைத்தது பாத்திரம்தான்!

மலையேற நாற்காலி போன்ற மின்தூக்கியும் இல்லை. கப்பிகளின் மேல் வேகமாக ஓடும் ஒரு கயிறுதான் உண்டு. இடுப்பு வாரில் தொங்கும் இரும்புக் கருவியை அக்கயிற்றில் கவ்வச் செய்தால் அது நம்மை மேலே இழுத்துச் செல்லும். கருவியின் ஆங்கிலப் பெயர் ‘நட்கிராக்கர்’. எனக்கோ அது பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் இருந்த பாக்குவெட்டியாகவே தெரிந்தது. கவ்வியதும் கையைக் கயிற்றிலிருந்து எடுத்துவிட வேண்டும். இல்லையேல் கப்பியில் விரல் சிக்கிவிடும். ஆறு வார இறுதிகள் வேறு இடத்தில் சறுக்கிப் பழகியிருந்தும், முதல் நாளில் ஏழு முறை விழுந்தேன்.

பனி ஏன் சரிகிறது?

வெண்பனி பார்வைக்கு ஒரே போர்வையாகத் தோன்றும். உண்மையில் அது நம் கேக் லாப்பிஸ் போன்றது. ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் அடுக்கு. சில அடுக்குகள் இறுகியிருக்கும். சில சர்க்கரை போல் உதிரும். அந்த வட்டாரத்தில் வடமேற்குக் காற்று பலமாக வீசும். அது மலையின் ஒரு பக்கத்துப் பனியை அள்ளி, காற்றுப்படாத மறுபக்கத்தில் குவித்து இறுக்கிவிடும. உதிரியான அடுக்கின்மேல் இவ்வாறு ஒரு கெட்டிப் பலகை அமைந்துவிட்டால், அதன்மேல் செல்லும் ஒரு மனிதரின் எடையே அதனை உடைக்கப் போதும். உடைந்த பலகை மொத்தமாகக் கீழே பாயும். அதுவே பனிச்சரிவு. பெரும்பாலும் இது 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில் நிகழ்கிறது. சறுக்குவோர் விரும்பித் தேடுவதும் அதே சாய்வைத்தான்! பனிச்சரிவில் சிக்குவோரில் பெரும்பாலோர், தாமோ தம் குழுவினரோ கிளப்பிவிட்ட சரிவிலேயே சிக்குகின்றனர்.

புதையுண்டவரை முதல் பத்து நிமிடத்திற்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கலாம். அரை மணி நேரம் ஆகிவிட்டால் மூவரில் ஒருவர் பிழைப்பதே அரிது. மீட்புப் படை வந்து சேரும்வரை காத்திருக்க நேரமில்லை. காப்பாற்ற வேண்டியவர் உடன் வந்த நண்பர்தான். ஆகவே திடலின் எல்லையைத் தாண்டிச் செல்லும் ஒவ்வொருவரும் அலைபரப்பிக் கருவி, மடக்கு ஊசிக்கோல், மண்வாரி ஆகிய மூன்றையும் சுமக்க வேண்டும். அலைபரப்பி 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓயாது வானொலிச் சமிக்ஞை அனுப்பும். யாரேனும் புதைந்தால் மற்றவர்கள் தம் கருவியைத் ‘தேடு’ நிலைக்கு மாற்றி அந்தச் சமிக்ஞையைப் பின்தொடர்வார்கள்.

இரண்டாம் நாள், குழுத் தலைவி ஒரு பையில் அலைபரப்பியை வைத்துப் பனியில் புதைத்துவிட்டு என்னைத் தேடச் சொன்னார். அம்புக்குறி காட்டிய வழியில் ஓடினேன். ஊசிக்கோல் எதிலோ தட்டியது. நேர் கீழே தோண்டினேன். குழி சரிந்து மூடிக்கொண்டே இருந்தது. சரிவின் கீழ்ப்பக்கத்தில் தொடங்கிக் குறுக்காகத் தோண்ட வேண்டும் என்று காலையில்தான் சொல்லித் தந்திருந்தார்கள்; பதற்றத்தில் மறந்துவிட்டேன். பையை வெளியே இழுத்தபோது இருபத்திரண்டு நிமிடங்கள் கடந்திருந்தன. எல்லாரும் அமைதியாக நின்றார்கள். “மன்னித்துக் கொள்ளுங்கள்,” என்றேன். “மன்னிப்பெல்லாம் வேண்டாம். இன்னொரு முறை தேடு,” என்றார் தலைவி. அன்று மாலைக்குள் நான்கு முறை தேடினேன். கடைசியாக எடுத்துக்கொண்ட நேரம் ஒன்பது நிமிடம்.

முகட்டில் ஒரு கேள்வி

மூன்றாம் நாள், சறுக்குப் பலகைகளைத் தோளில் சுமந்து முகட்டிற்கு ஏறினோம். அப்பால், எல்லைக்கு வெளியே, யாருடைய தடமும் படாத ஒரு வெண்பள்ளம். முந்திய இரவு காற்று வீசியிருந்தது. தலைவி பனியை வெட்டி அடுக்குகளைப் பார்த்தார். “ஐயம் இருக்கிறது, ஆனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை,” என்றார். பின்னர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டார், அனுபவம் குறைந்தவர்களிடமிருந்து தொடங்கி. முதலில் என்னிடம்!

என் கால்கள் நடுங்கிக் கொண்டிருந்தன. ஆயினும், “போகலாம்,” என்றேன். இவ்வளவு தூரம் ஏறிவிட்டு, வெளிநாட்டு மாணவன் பயந்துவிட்டான் என்ற பேச்சு வேண்டாமே என்ற எண்ணம்தான். அடுத்து, அதிகம் பேசாத முதலாமாண்டு மாணவி ஒருவர். “வேண்டாம்,” என்றார்.

“சரி, திரும்புவோம்,” என்றார் தலைவி. காரணம் கேட்கவில்லை. மற்ற ஒன்பது பேரின் கருத்தையும் கேட்கவில்லை. யாரும் முணுமுணுக்கவும் இல்லை.

பின்னர் தலைவியிடம் கேட்டேன், “ஏன் காரணம் கேட்கவில்லை?” அவர் சொன்னார்: “காரணம் கேட்டால், அடுத்த முறை காரணம் சொல்லத் தெரிந்தவர்கள் மட்டுமே வாய் திறப்பார்கள்.”

அன்று அந்தச் சரிவு சரிந்ததா? நாங்கள் பார்த்தவரையில் இல்லை. அதனால் அந்த மாணவி சொன்னது தவறாகிவிடவில்லை. சரிந்திருந்தால், அந்தப் பன்னிருவரில் ஒருவரை நான் தேட வேண்டியிருந்திருக்கலாம். என் முதல் முயற்சி இருபத்திரண்டு நிமிடம். இந்தக் கணக்கை அறிந்திருந்தும் “போகலாம்” என்றவன் நான். அதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

தாயகம் திரும்பி மீண்டும் நம் பேரவைக் கூட்டங்களில் அமர்ந்தபோது இதனை அடிக்கடி நினைத்தேன். “எல்லாருக்கும் சம்மதம்தானே?” என்று கேட்டதும் எத்தனை முறை தலையாட்டியிருக்கிறோம்! நிகழ்ச்சி முடிந்து, கையிருப்புக் கரைந்த பிறகு, “நான் அப்போதே நினைத்தேன்,” என்று தேநீர்க் கடையில் பேசியிருக்கிறோம். நம் கூட்டங்களில் உயிர் போவதில்லை, உண்மைதான். ஆனால், பேசாமல் விலகிப் போன இளையர்கள் எத்தனை பேர்?

அடுத்த கூட்டத்தில், புதிதாய்ச் சேர்ந்த உறுப்பினரிடம் முதலில் கேளுங்கள். அவர் “வேண்டாம்” என்றால், ஏன் என்று உடனே மடக்காதீர்கள். நானும் இனி, கால் நடுங்கும்போது “போகலாம்” என்று சொல்வதில்லை.