காவலில் இருக்கும் பூட்டைத் தொடாதீர்கள்

காணொளிகளைப் பார்த்துவிட்டு, சாவியில்லாமல் பூட்டைத் திறக்கப் பழக ஆசைப்படுகிறவர்கள் முதலில் வாங்குவது கருவிகளைத்தான். வளைந்த கம்பிகள் பத்துப் பதினைந்து ஓர் உறையில் வீடு வந்து சேர்கின்றன. பூட்டைப் பற்றி யோசிப்பதே இல்லை. அதுதான் வாசலில் தொங்குகிறதே! அங்கே ஆரம்பித்த கை, விடுதியில் பக்கத்து அறை, அலுவலக மேசை இழுப்பறை, நண்பனின் சைக்கிள் என்று நீள்கிறது. கம்பி உள்ளே ஒடிந்து, பூட்டு ரிப்பேர்காரரைத் தேடி ஓடுவதோடு முடிந்தால் பிழைத்தார்கள். காவல் நிலையம் வரை போவதும் உண்டு. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: பழகுவதற்கென்று தனியாக ஒரு பூட்டு வாங்காமல் விட்டது.

இப்போது எதையாவது காத்துக்கொண்டிருக்கிற பூட்டு பழகுவதற்கு ஆகாது. உங்கள் சொந்தப் பூட்டாக இருந்தாலும் ஆகாது. பின் வகைப் பூட்டின் உள்ளே ஒவ்வொரு குழியிலும் கீழே ஒரு பின், மேலே ஒரு பின், அதற்கும் மேலே மெல்லிய ஸ்பிரிங் இருக்கும். சரியான சாவி நுழைந்தால் இரண்டு பின்களும் சந்திக்கும் இடம் உருளையின் விளிம்போடு ஒன்றும், உருளை சுழலும். புதிதாகப் பழகுகிறவர் கம்பியை அளவுக்கு மீறி அழுத்துவார். அரை மில்லிமீட்டர் கனமே உள்ள நுனி ஒடிந்து சாவித் துளைக்குள் தங்கிவிட்டால், அசல் சாவியும் நுழையாது. சரி, திறந்தே விட்டால்? அங்கேயும் ஆபத்து இருக்கிறது. சாவியில்லாமல் உருளையை அரைச் சுற்று திருப்பும்போது சாவித் துளையின் திறப்பு மேல்பின்களுக்கு நேரே வந்துவிடும். ஸ்பிரிங் தள்ள, பின்கள் அதற்குள் இறங்கி உருளையை அங்கேயே பிடித்துக்கொள்ளும். வாசல் கதவில் இது நடந்து, வீட்டுக்குள் முதியவர் தனியாக இருந்தால் என்ன ஆகும் என்று பழகுகிறவர் யோசிக்க வேண்டும்.

சட்டமும் இங்கேதான் கோடு போடுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 330ஆவது பிரிவு, வீட்டுக்குள் அத்துமீறுவதற்காகப் பூட்டைத் திறப்பதையும் வீடு உடைப்பில் சேர்க்கிறது. ஒரு கீறல்கூட விழாமல் திறந்தாலும் அதே பெயர்தான். 331ஆவது பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறை. சூரியன் மறைந்து உதிப்பதற்குள் நடந்தால் 3 ஆண்டு வரை. ‘விளையாட்டுக்குத்தானே செய்தேன்’ என்ற பதிலை நம்பி இருக்காதீர்கள். அத்துமீறல் ஆவதற்குத் திருடும் நோக்கம்தான் வேண்டும் என்பதில்லை. இருப்பவரை அவமதிக்கும் அல்லது எரிச்சலூட்டும் நோக்கம் இருந்தாலே போதும் என்கிறது 329. விடுதி அறை வேடிக்கைகளில் பாதி இதற்குள் வந்துவிடும். வாடகை வீட்டுக் கதவில் வீட்டுக்காரர் போட்டிருக்கும் பூட்டும் உங்களுடையது அல்ல.

அப்படியானால் எந்தப் பூட்டு? ஹார்டுவேர் கடையில் பூட்டைப் பார்க்காதீர்கள், சாவியைப் பாருங்கள். அலகின் ஓரத்தில் வரிசையாக மேடு பள்ளங்கள் இருந்தால் அது பின் பூட்டு. ஒரு பள்ளத்துக்கு ஒரு பின், எண்ணிவிடலாம். நான்கு போதும், ஐந்துக்கு மேல் வேண்டாம். ஆழமான பள்ளத்தை ஒட்டி உயரமான மேடு இருந்தால் கம்பி நுழைய இடம் கிடைக்காது. ஏற்ற இறக்கம் குறைவானதாக எடுங்கள். சாவித் துளை நேராகவும் அகலமாகவும் இருக்கட்டும். தண்டின் முனையில் தட்டையான சதுரத் துண்டும் அதில் படிபோன்ற வெட்டுகளும் உள்ள சாவி என்றால் அது லீவர் பூட்டு. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டும் நம் வீடுகளில் தொங்கும் கனமான பூட்டுகள் பலவும் இந்த வகைதான். இணையத்தில் வாங்கிய கம்பிகள் பின் பூட்டுக்காகச் செய்யப்பட்டவை. அவற்றை லீவர் பூட்டில் விட்டுக் குடைந்து, பூட்டையும் கம்பியையும் சேர்த்துக் கெடுக்கிறவர்கள் ஏராளம். இன்னொரு நல்ல வழி, மரக் கதவுப் பூட்டில் செருகும் 60 மி.மீ. சிலிண்டரை மட்டும் தனியாக வாங்கி வைஸில் பிடித்துப் பழகுவது. கதவே இல்லாததால் யாரும் உள்ளே மாட்டிக்கொள்ள வழியில்லை. உள்ளிருக்கும் பின்கள் தெரிகிற கண்ணாடிப் பூட்டுகள் முதல் நாளுக்கு நல்லவை. உள்ளே நடப்பது புரியும். அதற்கு மேல் அவை கண்ணைத்தான் பழக்கும், விரலைப் பழக்காது. காயலாங்கடைப் பூட்டு மலிவு என்பார்கள். சாவியும் இல்லாமல், துரு ஏறி, யாருடையது என்றும் தெரியாத பூட்டு எதற்கு? அது திருட்டுப் பொருளாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

இதையெல்லாம் எழுதுவது திருடனுக்குப் பாடம் எடுப்பதாகாதா என்று கேட்பவர்கள் செய்தித்தாளைக் கவனமாகப் படிக்கட்டும். அதில் வழக்கமாக வருவது ‘பூட்டை உடைத்து’ என்ற சொற்கள்தான். கடப்பாரையால் கொண்டியையே பெயர்க்கிறவனுக்கு நாலு பின்னை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கும் பொறுமை தேவையில்லை.

இனி காகிதம். இதைத்தான் எல்லோரும் அலட்சியம் செய்கிறார்கள். பூட்டுக்கும் கருவிக்கும் உங்கள் பெயர் போட்ட பில் வாங்குங்கள். பூட்டு, சாவி, பில் மூன்றையும் சேர்த்துப் படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். இறக்குமதிப் பொட்டலத்தில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எந்த நாட்டுப் பொருள், அதிகபட்ச விலை ஆகியவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். பிரிப்பதற்கு முன் அந்தப் பக்கத்தைப் படமெடுங்கள். பூட்டு மாறி வந்தாலோ கம்பி முதல் நாளே ஒடிந்தாலோ, விற்ற தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் தருவது 2020 மின்வணிக விதிகளின்படி அவர் கடமை. நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். பில் இல்லாமல் இதில் எதுவும் நகராது.

கருவிகளை வீட்டிலேயே வையுங்கள். ஜப்பானில் தகுந்த காரணமின்றிப் பூட்டுத் திறக்கும் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கும் சட்டம் 2003இல் வந்தது. நியாய சன்ஹிதாவின் வீடு உடைப்புப் பிரிவுகள் கையில் கருவி இருப்பதைத் தண்டிக்கவில்லை. ஆனாலும் நள்ளிரவில் தெருவில் அந்தப் பையோடு நிற்கிறவரைச் சந்தேகப்படுவது போலீசின் வேலை. பறிமுதல் செய்தால் வாக்குவாதம் வேண்டாம். பில்லைக் காட்டுங்கள், கைப்பற்றிய பொருள்களின் பட்டியலில் ஒரு நகல் கேளுங்கள். ‘அப்புறம் வந்து வாங்கிக்கோ’ என்று வாய்வார்த்தையில் அனுப்பிவைக்கும் வழக்கத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. கைப்பற்றுவதை ஒலி-ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆவது பிரிவு சொல்கிறது. பொருளைத் திரும்பப் பெற அதே சட்டத்தின் 503ஆவது பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். அங்கேயும் முதலில் கேட்பது பில்லைத்தான்.

கடைசியாக, பழகித் தேய்ந்த பூட்டை வீணாக்க மனமில்லாமல் மொட்டைமாடிக் கதவிலோ மோட்டார் அறையிலோ மாட்டிவிடாதீர்கள். நூறு முறை கம்பி பட்ட பின்களும் தளர்ந்த ஸ்பிரிங்கும் எந்த நேரத்திலும் சிக்கும். வாங்கிய அன்றே அதன் உடலில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள், வீட்டில் யாரும் அதை எடுத்துக் கதவில் மாட்டிவிடாதபடி.