டயரின் அளவும் வேகமானியின் கணக்கும்

2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழிவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களையே பேணி ஓட்டவேண்டிய நிலை பலருக்கும் ஏற்பட்டது. 2022 இல் ரூபாவின் பெறுமதி சரிந்தபோது டயரின் விலையும் பன்மடங்காகியது. இத்தகைய வேளைகளில், உரிய அளவு அகப்படாவிடின் அகப்பட்ட அளவைப் பூட்டிக்கொள்வோம் என்ற எண்ணம் எழுவது இயல்பே. ஆயினும் அதன் விளைவை அறிந்துகொண்டே அம்முடிவை எடுக்கவேண்டும் என்பதை நாம் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.

வேகமானி வாகனத்தின் வேகத்தை நேரடியாக அளப்பதில்லை. சில்லோ, கியர் பெட்டியின் தண்டோ எத்தனை தடவை சுழல்கின்றது என்பதை எண்ணி, உற்பத்தியாளர் நிர்ணயித்த டயரின் சுற்றளவைக் கொண்டு கணக்கிட்டே அது முள்ளை நகர்த்துகின்றது. டயரை மாற்றிய செய்தி அதற்குத் தெரியாது.

சிறிய கார்களில் காணப்படும் 175/65 ஆர் 14 என்ற அளவை எடுத்துக்கொள்வோம். 175 என்பது மில்லி மீற்றரில் டயரின் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை வீதம் என்பது. 14 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். இதன்படி டயரின் முழு விட்டம் சுமார் 583 மில்லி மீற்றர். அதே ரிம்மில் 185/70 அளவைப் பூட்டினால் விட்டம் சுமார் 615 மில்லி மீற்றராகும். ஒவ்வொரு சுழற்சிக்கும் வாகனம் ஏறத்தாழ 10 சென்றி மீற்றர் கூடுதலாக ஓடும். சரியாகக் காட்டிவந்த வேகமானியாயின், அதிவேக நெடுஞ்சாலையில் முள் 100 இல் நிற்கையில் உண்மை வேகம் 105 ஐத் தாண்டியிருக்கும். வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப நிறுத்தும் தூரம் கூடுவதால், பிரேக் பிடித்த பின் வாகனம் ஓடும் தூரம் இதனால் மட்டும் சுமார் 11 வீதம் அதிகரிக்கும். போதாக்குறைக்கு, பெரிய சில்லை நிறுத்த பிரேக்கை மேலும் பலமாக மிதிக்கவும் வேண்டும்.

ஐக்கிய நாடுகள் சபையின் 39 ஆம் இலக்க ஒழுங்குவிதியின்படி வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டலாகாது. ஓரளவு கூட்டிக் காட்டலாம். ஆகவே பல வாகனங்களின் முள் சற்று முன்னே நிற்பதுண்டு. பெரிய டயர் விழுங்கிவிடுவது இந்தப் பாதுகாப்பு இடைவெளியைத்தான். சிறிய டயரோ, தேய்ந்த டயரோ எனில் நிலை தலைகீழாகும். ஓடாத தூரத்தையும் ஓடியதாகக் கணக்கு ஏறும். பழைய வாகனம் வாங்குவோர் இதையும் நினைவிற் கொள்வது நன்று.

முன்னும் பின்னும் வெவ்வேறு அளவுகளைப் பூட்டுவதே எல்லாவற்றிலும் மோசமானது. சில்லுகளின் சுழற்சியை ஒப்பிட்டு இயங்கும் ஏ.பி.எஸ். பிரேக் முறைமை அதனால் குழம்பக்கூடும். நான்கு சில்லுகளும் இயங்கும் வாகனமாயின் பற்சக்கரங்களும் விரைந்து தேயும்.

பெரிய ரிம் விரும்புவோருக்கும் வழியில்லாமலில்லை. 15 அங்குல ரிம்முக்கு 185/55 அளவைத் தெரிந்தால், 175/65 ஆர் 14 உடன் விட்டத்தில் ஏற்படும் வேறுபாடு 2 மில்லி மீற்றருக்கும் குறைவே. ஆனால் டயரின் சுமை இலக்கத்தையும் பார்த்தாக வேண்டும். 82 என்பது ஒரு டயர் 475 கிலோ கிராம் வரை தாங்கும் என்பதைக் குறிக்கும். உங்கள் வாகனத்துக்கு உரிய டயர் அளவு, பெரும்பாலான கார்களில் சாரதியின் கதவை அண்டிய சட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கும். கடைக்குப் போகுமுன் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.