கணவர் வாங்கும் பொம்மைகள்!

என் கணவருக்குச் சீட்டாட்டம், சிகரெட் என்று எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது. ஆனால் பொம்மை வாங்கும் பழக்கம் இருக்கிறது. சிரிக்காதீர்கள்! இதே கதை நடக்கும் வீடுகள் வேறு சிலவும் இருப்பது, அக்கம் பக்கத்தில் பேசும்போது தெரிந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

அவருக்கு வயது 41. சேர்ப்பது 'ஹீ-மேன்' பொம்மைகள். தூர்தர்ஷன் மட்டுமே இருந்த காலத்தில் வந்த கார்ட்டூன் உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். பொன்னிற முடி, கையில் வாள், ஏறிப் போக ஒரு பச்சைப் புலி. எதிரிக்கு மண்டை ஓட்டு முகம், பெயர் ஸ்கெலட்டர். பேசுவது எல்லாம் இங்கிலீஷ். பாதி புரியாது. ஆனாலும் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

இந்தப் பொம்மையின் கதையே சுவாரசியமானது. பார்பி பொம்மை செய்யும் அமெரிக்க மேட்டல் கம்பெனியிடம் 1976ல் 'ஸ்டார் வார்ஸ்' சினிமாவுக்குப் பொம்மை செய்யும் வாய்ப்பு வந்ததாம். வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். கென்னர் என்ற கம்பெனி அதைச் செய்து நன்றாகச் சம்பாதித்தது. தங்களுக்கும் ஆண் பிள்ளைகள் விரும்பும் பொம்மை வேண்டும் என்று மேட்டல் 1982ல் கொண்டு வந்ததுதான் ஹீ-மேன். கார்ட்டூன் அடுத்த வருஷம்தான் வந்தது. மொத்தம் 130 பகுதிகள். அதாவது, கதைக்காகப் பொம்மை செய்யவில்லை. பொம்மையை விற்கத்தான் கதை செய்தார்கள்!

சிக்கனத்திலும் அவர்கள் நம்மை மிஞ்சியவர்கள். உடம்புக்கு ஒரே அச்சை வைத்துக் கொண்டு தலையையும் நிறத்தையும் மாற்றிப் பல பொம்மைகள் செய்தார்கள். அந்தப் பச்சைப் புலிகூட, வேறொரு பொம்மை வரிசைக்காகச் செய்திருந்த பழைய அச்சுதான். மீந்த இட்லியை நாம் உப்புமா ஆக்குவது போல!

1987க்குள் அந்த மோகம் அடங்கிப் போனது. ஆனால் அன்று ஆசைப்பட்ட பிள்ளைகள் இன்று சம்பாதிக்கிறார்களே! 2008ல் பெரியவர்கள் சேர்ப்பதற்கென்றே புதிய வரிசை வந்தது. 2020ல் 'ஆரிஜின்ஸ்' என்று இன்னொன்று. பழையதைப் போலவே ஐந்தரை அங்குல உயரம், பழையதைப் போலவே அட்டை, உள்ளே குட்டிப் படக்கதை. நம் வீட்டு ஆண்களின் சின்ன வயது ஏக்கத்தைத்தான் அழகாகப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள்.

அந்த ஏக்கம் பொய் இல்லை. "இந்த வயசுல என்னடா பொம்மை வேண்டிக் கிடக்கு?" என்று மகனைத் திட்டும் என் மாமியாரே ஒரு நாள் சொன்னார். லியோ என்ற கம்பெனி இந்தப் பொம்மையை அந்தக் காலத்தில் இந்தியாவிலேயே செய்து விற்றது. மில் வேலை பார்த்த மாமனாருக்கு அதை வாங்கித் தர வசதி இல்லை. சித்தி பையன் விளையாடிக் கழித்த ஒரு ஸ்கெலட்டர்தான் இவருக்குக் கிடைத்தது. பழைய பொம்மைகளில் இரண்டு காலையும் உள்ளே ஒரு ரப்பர் இழுத்துப் பிடித்திருக்கும். அது அறுந்து கால் தொங்கிப் போச்சாம். "நான் தலைக்குப் போடுற ரப்பர் பேண்டை மாட்டிக் கொடுத்தேம்மா. அதை வச்சுக்கிட்டே ரெண்டு வருஷம் விளையாடினான்" என்றார் மாமியார்.

சரி, ஆசை நியாயம்தான். ஆனால் ஸ்கூல் பீஸுக்கு ஆசை தெரியுமா?

போன ஜூன் மாதம் பிள்ளைகள் இருவருக்கும் பீஸ் கட்ட வேண்டிய வாரத்தில் வெளிநாட்டிலிருந்து ஒரு பார்சல் வந்தது. பொம்மை விலை போக, சுங்க வரியும் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். வெளிநாட்டுப் பொம்மைகளுக்கான வரியை 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023ல் 70 ஆகவும் உயர்த்தியிருந்தார்கள். இறக்குமதி செய்து விற்கும் கடைக்காரர் அதையும் சேர்த்துத்தானே விலை வைப்பார்? நேராக வரவழைத்தாலும் வரி விடாது. அன்றைக்குப் பீஸ் பணத்தில் கை வைக்கும்படி ஆகிவிட்டது.

நான் சண்டை போடவில்லை. இரவு பிள்ளைகள் தூங்கியதும் வீட்டுக் கணக்கு நோட்டை எடுத்தேன். அலமாரியில் இருந்த 14 பொம்மைகளின் விலையையும் அவரையே சொல்லச் சொல்லி, ஒவ்வொன்றாக எழுதினேன். கூட்டிப் பார்த்தவர், "இவ்வளவா!" என்று அப்படியே உட்கார்ந்து விட்டார். திட்டினால் எதிர்த்துப் பேசலாம். கூட்டல் கணக்கை எதிர்த்து என்ன பேசுவது?

அன்றைக்கு இருவருமாகச் சில விஷயங்களை முடிவு செய்தோம்:

* பொம்மைக்கு மாதம் இவ்வளவுதான் என்று ஒரு தொகை. அது தனிக் கவரில் சேரும். சேர்ந்த பிறகுதான் வாங்குவது.
* கிரெடிட் கார்டு, தவணை எதுவும் கூடாது.
* விலை, அனுப்பும் செலவு, வரி மூன்றையும் கூட்டிப் பார்த்த பிறகே ஆர்டர்.
* "பின்னாடி நல்ல விலைக்குப் போகும்" என்ற பேச்சே கூடாது. புதுப் பொம்மையைக் கம்பெனி மறுபடியும் எத்தனை வேண்டுமானாலும் செய்து விற்கலாம். சேமிப்புக்குத் தபால் ஆபீஸும் பேங்க்கும் இருக்கின்றன.
* வாங்கியதைப் பிரிக்க வேண்டும்.

கடைசி விஷயத்துக்குத்தான் அவர் ரொம்ப யோசித்தார். அட்டையைப் பிரித்தால் மதிப்பு போய்விடும் என்பார். மூன்றாம் வகுப்பு படிக்கும் மகன் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்து ஏங்குவதும், அன்று இவர் கடை வாசலில் நின்றதும் ஒன்றுதானே என்று கேட்டேன். மறுநாளே இரண்டைப் பிரித்தார். இந்தப் புது வரிசையில் தலை, கை, கால்களைக் கழற்றி மாற்றி மாட்டலாம். ஹீ-மேன் உடம்பில் ஸ்கெலட்டர் தலையை வைத்து அப்பாவும் மகனும் அடிக்கும் கூத்து தெருவுக்கே கேட்கிறது!

மகள் மட்டும், "பொண்ணு பொம்மை இல்லையாப்பா?" என்றாள். ஹீ-மேனின் இரட்டைத் தங்கையாக 1985ல் ஷீ-ரா என்ற வீராங்கனையைக் கொண்டு வந்தார்களாம். அடுத்த கவர் பணம் அவளுக்குத்தான்.

பராமரிப்பு என் பொறுப்பு. வெயில் படும் இடத்தில் வைத்தால் பிளாஸ்டிக் நிறம் மாறும்; ஜன்னல் ஓரம் வேண்டாம். மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். வாள், கேடயம் போன்ற சின்னச் சாமான்களை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அவை வாய்க்குள் போகாமல் கவனம் தேவை.

சகோதரிகளே, நவராத்திரிக்கு வருஷா வருஷம் புதுக் கொலு பொம்மை வாங்குகிறோம். பாட்டி கொடுத்த மரப்பாச்சியைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். நம்மை யாராவது "இந்த வயசுல பொம்மையா?" என்று கேட்டார்களா? அதனால் வீட்டுக்காரரின் பொம்மையைக் கேலி செய்ய வேண்டாம். ஆனால் அது கட்டாயம் கணக்கு நோட்டில் ஏற வேண்டும். ஆசைக்கு வயது இல்லைதான், அளவு உண்டு. என்ன, நான் சொல்வது சரிதானே?

- ஓர் இல்லத்தரசி, மதுரை.