ஈசலின் வயிற்றுக்குள் ஓர் அடுக்களை



ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் சாலையில் சேத்தூர் இருக்கிறது. மேற்கே மலை. சுற்றிலும் தோப்பும் வயலும். ஐப்பசி மழை பெய்து ஓய்ந்ததும் அங்கே புற்றுகளிலிருந்து ஈசல் புறப்படும். தெருவிளக்கைச் சுற்றிச் சுற்றி வரும். விடிந்து பார்த்தால் திண்ணையெல்லாம் உதிர்ந்த சிறகுகள்!

ஈசலைப் பிடித்து அரிசியோடு வறுத்துத் தின்னும் வழக்கம் நம் கிராமங்களில் உண்டு. இது மிகப் பழைய வழக்கம். ஈசலும் மோரும் சேர்ந்த புளித்த உணவைப் பற்றிக் கபிலர் புறநானூற்றில் பாடியிருக்கிறார்.

ஈசல் வறுக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாயா? சட்டியில் எண்ணெய் ஊற்ற வேண்டியதே இல்லை. ஆனாலும் ஈசல் மினுமினுவென்று வறுபடும். அந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது?

சபாஷ்! ஈசலுக்குள்ளிருந்துதான். பல வகை ஈசல்களை நன்றாக உலர்த்தி எடை போட்டால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொழுப்புதான்.

நான் சொன்னால் அப்படியே நம்பிவிடாதே. நீயே சோதித்துப் பார். ஒரு வெள்ளைத் தாளில் ஒரு சொட்டுத் தண்ணீர் வை. பக்கத்தில், இறந்துபோன ஓர் ஈசலை வைத்து நசுக்கு. தாளைக் காயவிடு. தண்ணீர்க் கறை மறைந்துவிடும். ஈசல் கறை மறையாது. தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அந்த இடத்தில் ஒளி ஊடுருவித் தெரியும். அதுதான் கொழுப்பு. பிறகு கையை நன்றாகக் கழுவிவிடு.

சரி, இந்தக் கொழுப்பு ஈசலின் உடம்பில் எங்கே இருக்கிறது?

நமக்குக் கொழுப்பு பெரும்பாலும் தோலுக்கு அடியில் இருக்கிறது. பூச்சிக்கு அப்படியில்லை. பூச்சியின் இரத்தம் நம்முடையதைப் போல மெல்லிய குழாய்களுக்குள் அடைபட்டு ஓடுவதில்லை. உடம்பின் உள்வெளி முழுவதும் நிறைந்திருக்கிறது. அந்த இரத்தத்தில் நனைந்தபடி, வெளுத்த துணுக்குகளாகவும் தகடுகளாகவும் ஒரு திசு பரவிக் கிடக்கிறது. அதற்குக் கொழுப்புத் திசு என்று பெயர். கரப்பான் பூச்சி நசுங்கினால் வெள்ளையாக வெளியே வருகிறதே, அதில் பெரும்பகுதி இந்தத் திசுதான்.

கொழுப்பு என்றதும் சும்மா தேங்கிக் கிடக்கும் சரக்கு என்று நினைத்துவிடாதே. பாட்டி வீட்டு அடுக்களையை நினைத்துக்கொள். அங்கே ஒரு மூலையில் குதிர். நடுவில் அடுப்பு. மேலே பரணில் சுக்கு, மிளகு, திப்பிலி. சேமிப்பதும் சமைப்பதும் மருந்து காய்ச்சுவதும் ஒரே அறையில்தான். பூச்சியின் கொழுப்புத் திசுவும் இந்த மூன்று வேலைகளையும் செய்கிறது. நம் உடம்பில் கொழுப்பும் கல்லீரலும் தனித்தனியாகச் செய்யும் வேலைகள் பூச்சிக்கு ஒரே இடத்தில் நடக்கின்றன.

இதுவரை புரிந்ததா? அப்படியானால் ஒவ்வொரு வேலையாகப் பார்ப்போம்.

முதலில் சேமிப்பு. இங்கே உனக்கு ஒரு புதிர். ஈசல் பறப்பது கொஞ்ச நேரம்தான். அதற்கு எதற்கு இவ்வளவு கொழுப்பு?

விடை, பறந்து முடித்த பிறகுதான் தெரியும். கீழே இறங்கிய ஈசல் தன் நான்கு சிறகுகளையும் உதிர்த்துவிடும். ஆணும் பெண்ணும் ஜோடியாக ஈர மண்ணைத் தோண்டி உள்ளே போகும். அவைதான் புதிய புற்றின் ராஜாவும் ராணியும். ஆமாம், ஈசல் என்பது சிறகு முளைத்த கறையான்தான்!

அந்தச் சின்ன அறையில் சோறு போட யாரும் இல்லை. புற்று கட்டும் கறையான் வகைகளில், முதல் வேலைக்காரக் கறையான்கள் வளர்ந்து வெளியே போய் இரை கொண்டுவரும்வரை ராஜாவும் ராணியும் பட்டினி. அதுவரை அவற்றுக்குச் சோறு கொழுப்புத் திசுதான். இனிமேல் பறக்க வேண்டியதில்லை அல்லவா? அதனால் சிறகை அசைத்த தசைகளும் கரைந்து உணவாகிவிடும். முதல் குஞ்சுகளுக்கு ஊட்டுவதும் இந்தச் சேமிப்பிலிருந்துதான்.

சேமிக்க ஏன் கொழுப்பு? சர்க்கரை ஆகாதா? நல்ல கேள்வி! ஒரு கிராம் சர்க்கரை ஏறத்தாழ 4 கிலோகலோரி தரும். ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோகலோரி தரும். சுமை குறைவு, சக்தி அதிகம். இன்னொரு வியப்பும் உண்டு. ஒரு கிராம் கொழுப்பு உடம்பில் எரியும்போது ஒரு கிராமுக்குச் சற்று அதிகமாகவே தண்ணீர் உண்டாகிறது. கொழுப்பில் உள்ள ஹைட்ரஜன், மூச்சுக் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்வதால் வரும் தண்ணீர் அது. ஆகவே கொழுப்பு, சோறும் தண்ணீரும் ஒன்றாகக் கிடைக்கும் சேமிப்பு.

இரண்டாவது வேலை சமையல். பூச்சியின் இரத்தத்தில் ஓடும் முக்கியமான சர்க்கரை நம்முடையது அல்ல. அதற்கு டிரெஹலோஸ் என்று பெயர். அதைச் செய்வது கொழுப்புத் திசு. 2020-ல் ராஜஸ்தான் வயல்களில் இறங்கிய பாலைவன வெட்டுக்கிளிகளை எடுத்துக்கொள். பறக்கத் தொடங்கும்போது அவை இந்தச் சர்க்கரையைச் செலவழிக்கும். நெடுந்தூரம் பறக்கும்போது மூளைக்குப் பின்னால் உள்ள ஒரு சின்னச் சுரப்பி ஹார்மோனை அனுப்பும். உடனே கொழுப்புத் திசு கொழுப்பை இரத்தத்தில் இறக்கிவிடும். அதை எரித்து வெட்டுக்கிளி மணிக்கணக்கில் பறக்கும்.

முட்டையின் மஞ்சள்கருவுக்கான புரதமும் இங்கேதான் தயாராகிறது. உன்னைக் கடித்துப் பறந்த கொசுவும் இதற்காகத்தான் கடித்தது. அது குடித்த இரத்தத்தைக் கொண்டு, அதன் கொழுப்புத் திசு முட்டைக்கான புரதம் செய்யும். கறையான் ராணியோ ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடுவாள். அவளது கொழுப்புத் திசுவே அதற்கேற்ப மாறிவிடுகிறது. சேமிக்கும் வேலை குறைந்து, புரதம் செய்யும் வேலை கூடிவிடும்.

மூன்றாவது, மருந்து. மண்ணுக்குள் கிருமிகளுக்குப் பஞ்சமா? கிருமி உள்ளே நுழைந்தால் கொழுப்புத் திசு அதைக் கொல்லும் சிறு புரதங்களைச் செய்து இரத்தத்தில் கலக்கும். பழ ஈக்களில், கிருமி நுழைந்ததும் கொழுப்புத் திசுவை உசுப்பும் எச்சரிக்கை ஏற்பாடு எப்படி நடக்கிறது என்று ழூல் ஹாஃப்மன் என்ற விஞ்ஞானியும் அவரது குழுவும் 1996-ல் கண்டுபிடித்தார்கள். நம் உடம்பின் நோய் எதிர்ப்பைப் புரிந்துகொள்ளவும் அது உதவியது. 2011-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. வாழைப்பழத்தில் மொய்க்கும் ஈயிலிருந்து நோபல் பரிசு! பார்த்தாயா?

அடுக்களை இருந்தால் திருடனும் வருவான். தேனீக்கள் மேல் வர்ரோவா என்னும் சிறு உண்ணி ஒட்டிக்கொள்ளும். அது தேனீயின் இரத்தத்தைக் குடிக்கிறது என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2019-ல் சாமுவேல் ராம்சே என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் உண்மையைக் காட்டினார்கள். வளர்ந்த தேனீயிடம் உண்ணி முக்கியமாகத் தின்பது கொழுப்புத் திசுவைத்தான். அதை இழந்த தேனீக்குச் சேமிப்பும் போச்சு, நோயைத் தடுக்கும் பலமும் போச்சு. இவ்வளவு சின்ன உண்ணியால் ஒரு கூடே அழிந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது ஒரு பழைய பேச்சைத் திருத்தலாம். ஈசலுக்கு ஒரு நாள் வாழ்வு என்று பெரியவர்கள் சொல்வார்கள். விளக்கடியில் இறந்து கிடக்கும் ஈசல்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். காக்கை, பல்லி, தவளை என்று எத்தனையோ வாய்களுக்கு அவை இரையாகின்றன. தப்பிப் பிழைத்து மண்ணுக்குள் போவது மிகச் சிலவே. ஆனால் அப்படிப் போன ராணி பல ஆண்டுகள் வாழ்வாள். பத்து ஆண்டுகளைத் தாண்டுவதும் உண்டு. யாரும் சோறு போடாத அந்த முதல் நாட்களைக் கடக்க அவளுக்குக் கைகொடுத்தது கொழுப்புத் திசு.

பதினோராம் வகுப்பில் விலங்கியல் படிக்கும் அண்ணனோ அக்காவோ உன் வீட்டில் இருந்தால், கரப்பான் பூச்சிப் பாடத்தை வாங்கிப் பார். அதில் கொழுப்புத் திசு எங்கே வருகிறது என்று தேடு. கிடைக்காவிட்டால் உன் அறிவியல் ஆசிரியரிடம் கேள். கேட்கக் கூச்சப்படாதே, செல்லம். கேட்கிற பிள்ளைதான் கற்றுக்கொள்கிற பிள்ளை.